‘கார்டியன்’ என்றொரு கட்டம்: முதியோர் இல்லமும் சட்டம் நின்றுவிடும் வாசற்படியும்

1

ஒரு படிவத்திலிருந்து தொடங்குகிறேன். அருமனையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த ஓர் அம்மச்சியை மூன்று வருடத்துக்கு முன் முதியோர் இல்லம் ஒன்றில் கொண்டு விட்டார்கள். மகன் வளைகுடாவில் வேலை பார்ப்பவன். துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். இல்லத்தின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அது மோசமான இடமும் அல்ல. வேளாவேளைக்குச் சோறு உண்டு, தரையைத் துடைக்கிறார்கள், மருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். கொடுமை நடக்கும் இல்லங்களைப் பற்றிப் பேசுவது எளிது. ஒழுங்காக நடக்கும் இல்லத்தைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம். நான் பேச நினைப்பது அதைத்தான்.

அலுவலக அறையில் ஒரு படிவம் நீட்டப்பட்டது. பெயர், வயது, மதம், என்னென்ன நோய். அதற்குக் கீழே ‘கார்டியன்’ என்று ஒரு கட்டம். மகன் தன் பெயரை எழுதினான். படிவத்தின் பின்பக்கம் நிபந்தனைகள் இருந்தன. அதில் ஒன்று, கார்டியனின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் இல்லவாசி வெளியே அனுப்பப்பட மாட்டார் என்பது. அடியில் இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்று நிர்வாகிக்கு, மற்றது கார்டியனுக்கு. அம்மச்சி கையெழுத்துப் போட அந்தக் காகிதத்தில் ஓர் அங்குல இடம்கூட இல்லை. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். முப்பத்திரண்டு சென்ட் பூமியையும் வீட்டையும் மகன் பேருக்கு இஷ்டதானமாக எழுதிய ஆதாரத்தில் பக்கத்துக்குப் பக்கம் அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எங்கள் பேச்சில் கையெழுத்துக்கு ‘ஒப்பு’ என்று பெயர். ஒப்புதல் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருவதுதான். நிலத்தை எழுதிக் கொடுக்கும்போது அம்மச்சியின் ஒப்பு வேண்டியிருந்தது. அவரையே ஓரிடத்தில் ஒப்படைக்கும்போது வேண்டியிருக்கவில்லை. இந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் ஒரு குடிமகளுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என் கேள்வி.

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். “மக்களே, எனக்கு ஒருக்கா அருமனைச் சந்தைக்குப் போணும். கொஞ்சம் நெத்தோலி வாங்கணும், மரச்சீனி வாங்கணும். அவ்வளவுதான்” என்றார். பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “கார்டியன்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும் சார்” என்றார். சந்தைக்குப் போக எழுபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு அனுமதி தரவேண்டியவன் துபாயில் தூங்கிக்கொண்டிருந்தான்.

2

‘கார்டியன்’ என்பது சாதாரணச் சொல் அல்ல. அது சட்டத்தின் சொல். 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலிருப்போர் சட்டம் மைனர்களைப் பற்றிப் பேசுகிறது. பதினெட்டு வயது நிரம்பிய ஒருவருக்கு, அவர் எவ்வளவு முதியவரானாலும், வயதின் காரணமாக மட்டும் பாதுகாவலர் கிடையாது. மகன் என்ற உறவு யாரையும் தாயின் பாதுகாவலர் ஆக்குவதில்லை. பணம் கட்டுவதும் ஆக்குவதில்லை.

இதை ஓர் எல்லையில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். நினைவு திரும்பாமல் கோமாவில் கிடப்பவருக்குப் பாதுகாவலரை நியமிக்கத் தனிச்சட்டம் இல்லை. குடும்பத்தார் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் சோபா கோபாலகிருஷ்ணன் வழக்கில் இதற்கென்றே நெறிமுறைகளை வகுத்தது: மருத்துவக் குழு பார்க்க வேண்டும், சொத்து விவரம் தரவேண்டும், பாதுகாவலர் கணக்குக் காட்ட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் (2016) தேவைப்படுகிற முடிவுக்கு மட்டும், வரையறுக்கப்பட்ட பாதுகாவலரைத்தான் அனுமதிக்கிறது. அவரும் சம்பந்தப்பட்டவரைக் கலந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். ஆக, கண் திறக்காமல் கிடக்கும் ஒருவரின் மீது அதிகாரம் பெற உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். நெத்தோலி வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் ஒருவரின் மீது அதிகாரம் பெற ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும்! அச்சகத்தில் அடித்த அந்தப் படிவத்துக்கு, ஒரு வயதுவந்தவரின் நடமாட்டத்தைத் தடுக்கும் சட்டபலம் துளியும் இல்லை. ஆனால் அது செல்லுபடியாகிறது. ஏனென்றால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1961-இல் வெளிவந்த ‘அசைலம்ஸ்’ நூலில் ‘முழுமை நிறுவனம்’ என்ற கருத்தை வைத்தார். உறக்கம், உழைப்பு, பொழுதுபோக்கு மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஒரே அதிகாரத்தின் கீழ், எல்லோருக்கும் ஒரே நேர அட்டவணைப்படி நடக்கும் இடம் அது. சிறை, மனநோய் மருத்துவமனை, ராணுவ முகாம், மடாலயம், முதியோர் இல்லம் எல்லாவற்றையும் அவர் அந்த வரிசையில் வைக்கிறார். இத்தகைய நிறுவனம் ஓர் ஆளைத் திட்டி மிரட்டி அல்ல, நுழையும்போதே உரித்துத்தான் மாற்றுகிறது. சொந்தத் துணி, சொந்தப் பெட்டி, சொந்தப் பணம், சொந்தப் பெயர் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. எங்கள் அம்மச்சியிடமிருந்து வாங்கி வைக்கப்பட்டவை ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக், காதில் கிடந்த கம்மல், செல்போன். எல்லாம் ‘பத்திரத்துக்கு’த்தான். எதற்கும் ரசீது இல்லை.

‘கொண்டு விடுதல்’ என்ற நம் வினைச்சொல்லையும் கொஞ்சம் கவனிக்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறோம். தொல்லை தாங்காமல் பூனையைச் சாக்கில் கட்டி அடுத்த ஊரில் கொண்டு விடுகிறோம். அம்மாவை ஹோமில் கொண்டு விடுகிறோம். மூன்றிலும் விடப்படுவது செயப்படுபொருள். தானாக நடந்து போனவர் யாரும் இல்லை. சட்டம் சொல்வதற்கு முன்பே மொழி முதியவரை மைனராக்கி வைத்திருக்கிறது. படிவம் அதை அச்சிட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

3

இந்த இடத்தில் ‘அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பம் இருந்தது’ என்று பெருமூச்சு விடுவது வழக்கம். நான் அதற்குத் தயாரில்லை. இந்த மாவட்டத்தில் முதியவரின் பராமரிப்பு அன்பில் மட்டும் நின்றதில்லை, சொத்தின் மீதும் நின்றது. மருமக்கள் வழியில் தரவாட்டின் சாவி காரணவர் கையில் இருந்தவரை அவருக்குக் கட்டிலும் கஞ்சியும் இருந்தன. அவர் கண்மூடியதும் அவருடைய மனைவியும் மக்களும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். கவிமணியின் மருமக்கள் வழி மான்மியம் எள்ளி நகையாடியது இந்த அமைப்பைத்தான். திருவிதாங்கூரில் 1925-இல் நாயர்களுக்கும் 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர்களுக்கும் வந்த சட்டங்கள் தாவழிச் சொத்தைப் பங்குபோட வழிசெய்தன. மக்கள்வழிக் குடும்பங்களிலும் கதை வேறல்ல. கையில் ஆதாரம் இருக்கும்வரை அப்பச்சி, கைமாறினால் பாரம்.

அதனால் முதியவரைப் பற்றிய நம் சட்டங்கள் எல்லாம் பராமரிப்பு, சொத்து என்ற இரண்டு சொற்களைச் சுற்றியே எழுதப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு (2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு) தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோருக்கு ஜீவனாம்சம் தந்தது. திருமணமான மகளுக்கும் இந்தக் கடமை உண்டு என்று 1987-இல் விஜயா மனோகர் அர்பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டின் விதிகள் 2009-இல் வந்தன.

இந்தச் சட்டத்தில் கிடைப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபது வயதானவர், அல்லது எந்த வயதிலும் உள்ள பெற்றோர், கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர் அதற்குத் தலைவர். எங்களுக்குப் பத்மநாபபுரம் கோட்டம். மனுவைத் தானே எழுத முடியாதவருக்காக அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரோ, பதிவுபெற்ற தன்னார்வ அமைப்போ மனுச் செய்யலாம். தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போன 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். 23-ஆம் பிரிவின்படி, பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு பராமரிக்காவிட்டால், எழுதிக் கொடுத்தவர் கேட்டால் அந்த ஆதாரத்தைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை ஆதாரத்தில் தெரிய வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் இழுபறியாக இருந்தன. 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை அவசியம் என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் இந்தச் சட்டத்தை முதியவருக்கு நன்மை தரும்படித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்ற திசையில் சென்றது. 24-ஆம் பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டிய முதியவரை முற்றிலும் கைவிடும் நோக்கத்தோடு எந்த இடத்திலாவது விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ‘எந்த இடத்திலாவது’ என்பதில் பணம் கட்டிய முதியோர் இல்லமும் அடங்குமா? அடங்கும் என்று வாதிட இடமிருக்கிறது என்பது என் எண்ணம்.

இவ்வளவும் அம்மச்சியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “எனக்க மவன் மேல கேசு குடுக்கச் சொல்லுதியா? வேண்டாம் மக்கா. எனக்கு அவன் பைசா வேண்டாம், பூமியும் வேண்டாம். சந்தைக்குப் போணும்னுதானே சொன்னேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தச் சட்டம் அவருக்குக் கொடுப்பது ஒரே ஓர் எதிரியை, மகனை. அவர் கேட்பதோ மகனிடம் அல்ல, வாசலில் பூட்டு வைத்திருப்பவரிடம். இந்தச் சட்டத்தில் அந்த ஆளுக்குப் பெயரே இல்லை.

4

முதியோர் இல்லம் என்ற சொல் 2007-இன் சட்டத்தில் இல்லாமல் இல்லை. 19-ஆம் பிரிவு முழுக்க அதைப் பற்றியதுதான். மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும்படி, மாநில அரசு இல்லங்களை அமைக்கலாம். அவற்றை நடத்தும் திட்டத்தை, தரங்களை, மருத்துவ, பொழுதுபோக்கு வசதிகளை அரசு வகுக்கலாம். கவனியுங்கள், ‘வேண்டும்’ அல்ல, ‘லாம்’. ஒரு விகுதியில் ஒரு தலைமுறையின் தலையெழுத்து. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் அப்படியே அமைத்தாலும் அந்தக் குறைந்தபட்சக் கணக்கில் 5,700 இடம்தான் வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாநிலத்தில் அறுபது தாண்டியவர்கள் 10.4 சதவீதம், ஏறக்குறைய 75 லட்சம் பேர். மிச்சப்பேர் வீட்டில், அல்லது தெருவில், அல்லது தனியார், சபை, மடம், அறக்கட்டளை நடத்தும் இல்லங்களில். அந்த இல்லங்களுக்குள் இருக்கும் ஆளுக்கு என்ன உரிமை என்று இந்த மத்தியச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. சட்டம் வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

உள்ளே வர ஒரு முயற்சி நடந்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா, எல்லா முதியோர் பராமரிப்பு இல்லங்களும் பதிவு பெற வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்றது. 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்கியது, மருமகனையும் மருமகளையும் கடமைப்பட்டவர்களாகச் சேர்த்தது. நிலைக்குழு பார்த்து அறிக்கையும் கொடுத்தது. ஆனால் நிறைவேறவில்லை. 2024-இல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. அதற்குமுன் 2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், கண்ணியம், உடல்நலம், தங்குமிடம் ஆகியவை முதியோருக்கு 21-ஆம் உறுப்பின்படியே உரியவை என்று சொல்லி, மாவட்டவாரியாக இல்லங்களின் விவரத்தைத் திரட்டும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நீதிமன்றமே கணக்கெடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது என்பதில்தான் நிலைமை இருக்கிறது.

உள்ளே போகாத சட்டம் எப்போது போகிறது? பிணம் விழுந்தபின். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். சங்கிலியும் ‘பத்திரத்துக்கு’த்தான் போடப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் கருணை இல்லம் ஒன்றின் வண்டியில் காய்கறியோடும் ஒரு சடலத்தோடும் உயிருள்ள முதியவர்களும் ஏற்றப்பட்டு வந்ததைப் பார்த்து மக்கள் மறித்தார்கள். அதிகாரிகள் சோதனை போட்டார்கள், நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது, இல்லவாசிகள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், ஆசிரமம் ஒன்றில் சேர்க்கப்பட்ட முதியவரைப் பார்க்க வந்தவரிடம் அவர் பெங்களூருக்கு மாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அங்கும் அவர் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அந்த இடம் உரிமம் இல்லாமல் நடந்தது வெளியே வந்தது.

மூன்று நிகழ்ச்சிகளிலும் எனக்குப் படுவது ஒன்று. இல்லவாசிகள் செய்தியில் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். இத்தனை பேர் மீட்பு, இத்தனை பேர் மாற்றம். நிர்வாகம் அவர்களை வண்டியில் ஏற்றியது, அரசும் அவர்களை வண்டியில் ஏற்றியது. உனக்கு எங்கே போக இஷ்டம் என்ற கேள்விக்கு எந்தக் கட்டமும் இல்லை. கொடுமைக்காரரும் மீட்பரும் ஒரே இலக்கணத்தில்தான் பேசுகிறார்கள்.

5

இல்லத்துக்கென்று சட்டம் இல்லை என்பதால் உரிமையும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். செயல்படும் நண்பர்களுக்காக, வேறு சட்டங்கள் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகின்றன என்று சொல்கிறேன்.

முதலாவது குற்றச்சட்டம். ஒருவர் போக உரிமையுள்ள இடத்துக்குப் போகவிடாமல் ஓர் எல்லைக்குள் தடுத்துவைப்பது சட்டவிரோதச் சிறைவைப்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 340, 342. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவு. மகன் சொன்னான் என்பது இதற்குப் பதில் ஆகாது. இல்லாத அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

இரண்டாவது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதன் வரையறையில் நினைவு, திசையறிவு ஆகியவற்றின் கடுமையான சீர்குலைவும் வருகிறது. மறதி நோய் முற்றியவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இல்லம் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யவேண்டிய நிறுவனம்தான் என்று வாதிட இது போதும். 95-ஆம் பிரிவு, எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. ஏர்வாடியிலிருந்து அந்த வரிக்கு வர நமக்குப் பதினாறு வருடம் ஆயிற்று.

மூன்றாவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பணம் கட்டுபவர் மகனாக இருந்தாலும், அவர் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோரே என்கிறது வரையறை. எனவே கட்டண இல்லத்தில் இருப்பவர் தன் பேரிலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் இலவசச் சேவைக்கு இந்தச் சட்டம் இல்லை. இங்கேதான் தர்மம் என்ற சொல்லின் முகம் தெரிகிறது. காசு கொடுத்தவருக்கு உரிமை, கொடுக்காதவருக்கு நன்றியுணர்வு! இதையும் கொஞ்சம் இளக்கலாம். 1995-இல் வி. பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கியும் இலவசமாகவும் சிகிச்சை தரும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் நுகர்வோரே என்றது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலரை இலவசமாக வைத்திருக்கும் இல்லங்களுக்கும் அந்தத் தர்க்கம் பொருந்த வேண்டும் என்பது என் வாதம்.

நான்காவது சட்ட உதவி. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அம்மச்சிக்கு முதியவர் என்பதைவிடப் பெண் என்பதே இங்கு கைகொடுக்கிறது. மூத்த குடிமக்களுக்கென்று 2016-இல் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் ஒரு திட்டமும் வகுத்திருக்கிறது. 14567 என்ற இலவச எண்ணில் முதியோர் உதவிமையம் பேசும். ஆனால் செல்போன் அலமாரியில் பூட்டிக் கிடந்தால் எந்த எண்ணும் எண்ணல்ல. அதனால்தான் போன் வசதியல்ல, உரிமை என்கிறேன்.

6

வேறு நாட்டில் எப்படி என்று ஒரு பார்வை. நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பிரசவமும் அப்பென்டிக்ஸும் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அது முதியோர் பராமரிப்பு நிலையம். 1986-இல் அங்குள்ள மருத்துவக் கழகம் அந்த நிலையங்களின் அவலத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தது. மறுவருடம் நாடாளுமன்றம் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் உரிமைகள் மகனுக்கோ மகளுக்கோ அல்ல, இல்லவாசிக்குத் தரப்பட்டன. ஊழியர்களின் வசதிக்காகக் கட்டிப்போடவோ, மருந்து கொடுத்து மயக்கத்தில் வைக்கவோ கூடாது. தனிமையில் போன் பேசலாம், கடிதம் பிரிக்கப்படாமல் வரவேண்டும். பொதுவாக முப்பது நாள் முன்னறிவிப்பில்லாமல் வெளியேற்றவோ மாற்றவோ கூடாது. இல்லவாசிகள் சங்கமாகக் கூடலாம். அவர்கள் குறையைக் கேட்க ஒரு குறைதீர்ப்பாளர் உண்டு.

சட்டம் வந்ததும் சொர்க்கம் வந்துவிடவில்லை. மருந்தால் கட்டிப்போட்டார்கள், சொல்லாமல் இடம் மாற்றப் பார்த்தார்கள் என்று இண்டியானா மாநிலத்து முதியவர் ஒருவரின் குடும்பம் தொடுத்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2023 ஜூனில், அரசு நிதி பெறும் நிலையங்களுக்கான அந்த உரிமைகளை, நிலையம் அரசு அமைப்புக்குச் சொந்தமானால், இல்லவாசி நேரடியாக நீதிமன்றத்தில் கேட்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அதாவது எழுதிவைத்து முப்பத்தாறு வருடம் கழித்தும் போராட வேண்டியிருந்தது. ஆனால் போராட ஒரு வாக்கியம் இருந்தது. நமக்கு அந்த வாக்கியமே இன்னும் எழுதப்படவில்லை.

7

நான் இவ்வளவும் சொன்னபோது பொறுப்பாளர் அம்மா என்னைத் திருப்பிக் கேட்டார். “சார், நான் ஒருத்தி. ராத்திரி முப்பது பேரைப் பார்க்கேன். அவிய வெளிய போயி விழுந்தா யாரு பதில் சொல்லுவா? உரிமை பேசுத நீங்களா?” நியாயமான கேள்வி. அவர் ஒன்றும் ஃபூக்கோ எழுதிய கண்காணிப்புக் கோபுரத்தின் அதிகாரி அல்ல. குறைந்த கூலிக்கு உழைக்கும் இன்னொரு பெண். முதியவரின் உரிமையைப் பேசுகிறவர்கள் அவருடைய வேலை நேரத்தையும் கூலியையும் சேர்த்துப் பேசாவிட்டால், உரிமையின் சுமை முழுவதும் அவர் தலையில்தான் இறங்கும்.

ஆனால் அவர் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. விழாமல் இருப்பதற்காக எதையும் இழக்கலாம் என்பது அது. அம்மச்சி விழக்கூடும்தான். தன் வீட்டுக் கிணற்றடியிலும் விழுந்திருக்கக்கூடும். எழுபது வருடம் விழுந்து எழுந்தவர்தான். ஆபத்தை நிறுத்துப் பார்த்து, போகிறேன் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது அந்த உடலுக்குச் சொந்தக்காரரின் வேலை. நினைவு தவறியவர் விஷயம் வேறு. அங்கே மருத்துவரின் மதிப்பீடு வேண்டும், அதுவும் அவ்வப்போது வேண்டும். எல்லோரையும் முன்கூட்டியே நினைவு தவறியவர்களாக வைத்துக் கதவைப் பூட்டுவதற்கு அது சாக்கு ஆகாது.

நாங்கள் கடைசியில் செய்தது சிறிய காரியம். வழக்குப் போடவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் அம்மச்சி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் விருப்பப்படி வெளியே போய்வருவேன், போகுமுன் தெரிவிப்பேன். என் ஆதார், பாஸ்புக், போன் என்னிடம் இருக்கும். என்னைக் கேட்காமல் வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது. என் மகன் அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர், எனக்குக் கார்டியன் அல்ல. கீழே அவர் ஒப்புப் போட்டார். ஒரு நகல் நிர்வாகத்துக்கு, ஒரு நகல் மகனுக்கு, ஒரு நகல் இந்தச் சட்டத்தில் பராமரிப்பு அலுவலராக உள்ள மாவட்டச் சமூகநல அலுவலருக்கு. மகன் போனில் கொஞ்சம் சத்தம் போட்டான், பிறகு அடங்கினான். நிர்வாகம் பாஸ்புக்கையும் போனையும் திருப்பிக் கொடுத்தது. வாசல் விஷயத்தில், துணைக்கு ஆள் வந்தால் போகலாம் என்ற அளவுக்கு இறங்கியது. பாதிதான் கிடைத்தது.

இதை வெற்றிக்கதையாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் தாள் எழுதிக் கொடுத்துத்தான் ஒரு குடிமகள் மேஜராக வேண்டும் என்றால் அது சட்டத்தின் தோல்வி. நாம் கேட்க வேண்டியது திட்டவட்டமானது. இல்லங்களின் பதிவு கட்டாயமாக வேண்டும், ஆனால் அது கட்டடத்தையும் கழிப்பறையையும் அளப்பதோடு நிற்கக் கூடாது. சேர்க்கைப் படிவம் அரசு விதித்த படிவமாக, இல்லவாசியின் ஒப்போடு இருக்க வேண்டும். ‘கார்டியன்’ என்ற கட்டம், நீதிமன்ற உத்தரவு இருந்தாலொழிய, அதில் இருக்கக் கூடாது. ஆய்வுக்கு வருபவர் அலுவலக அறையில் காப்பி குடித்துவிட்டுப் போகாமல் இல்லவாசியோடு தனியாகப் பேச வேண்டும். அதுவரை, நம்மில் யார் யார் வீட்டு முதியவர் எங்கே இருக்கிறாரோ, அந்தப் படிவத்தை ஒருமுறை வாங்கிப் படிக்கலாம். எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருக்கிறவர்களும்கூடத் தங்கள் தாயின் பேருக்குக் கீழே அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். சாட்சியாக நின்றவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் சந்தைக்குப் போனோம். நெத்தோலி விலை கேட்டு அம்மச்சி மலைத்துப் போனார். ஒரு கூறுதான் வாங்கினார். அதைச் சமைக்க இல்லத்தில் அடுப்பு கொடுப்பார்களா என்பது அடுத்த கேள்வி. அதற்கு எந்தப் பிரிவில் மனுச் செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.